எழுபத்திரண்டின் உள்பக்கம்

"எழுபத்திரண்டு!" என்று கத்திக்கொண்டே கடைக்குள் ஓடி வந்தான் சதவீதம்.

யாரும் பரவசப்படவில்லை. மூட்டை நம்பர் கேட்கிறானாக்கும் என்று நினைத்து, இஸ்திரி மேசையிலிருந்தவர் தலை நிமிராமலே, "அது நேத்தே டெலிவரி ஆயிடுச்சு தம்பி" என்றார்.

"மூட்டை இல்லைண்ணே, மதிப்பெண்! நூத்துக்கு எழுபத்திரண்டு! அவ்வளவு பெரிய வெப்சைட்காரர் நம்மோட லிங்க் மாத்திக்கச் சம்மதிச்சிருக்கார். அண்ணி, காதுல விழுதா?"

அண்ணியின் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் அவள் ஒரு வெள்ளை மேசைவிரிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதிலிருந்த பழுப்பு வட்டம் தேநீரா துருவா என்று தீர்ப்புச் சொல்லும் முனைப்பில் இருந்தாள்.

அந்தச் சலவைக் கடையின் மூத்த மருமகள் அவள். வீட்டில் அழைக்கும் பெயர் எதுவாக இருந்தால் என்ன, வெளியில் அவளுக்கு ஒரே பெயர்தான்: கறையக்கா. ஐந்து வருஷத்துக்கு முன்பு, "மை கொட்டிடுச்சு, என்ன பண்றது?", "மெழுகு ஒட்டிக்கிச்சு, என்ன பண்றது?" என்று கடைத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், எல்லாவற்றையும் எழுதி ஒரு வெப்சைட்டில் போட்டுவிட்டாள். கறைக்கு ஒரு பக்கம். மை, மெழுகு, துரு, ரத்தம், சூயிங்கம், பூனை செய்த வேலை என்று நூற்றெண்பது பக்கம் சேர்ந்துவிட்டது. படித்துவிட்டுத் தாங்களே துவைத்துக்கொள்பவர்கள் நன்றி சொன்னார்கள். துவைத்துக் கெடுத்தவர்கள் துணியைப் பார்சலில் கடைக்கு அனுப்பினார்கள். ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் இப்போது மூன்று இயந்திரங்களும் நிற்காமல் சுற்றுகின்றன என்றால், அது அந்த நூற்றெண்பது பக்கங்களின் புண்ணியம்.

சதவீதம் அவள் கணவனின் தம்பி. "பசிக்குதாடா?" என்றால் "அறுபது சதவீதம்" என்பான். பல்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நேத்தைக்கு இன்னைக்கு இருபது சதவீதம் குறைஞ்சிருக்கு" என்பான். பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

"என்னடா அது மதிப்பெண்?" என்று கேட்டாள் மாமியார். வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, வருகிற துணிக்கெல்லாம் நம்பர் சீட்டுக் குத்துவது அவள் வேலை. கம்ப்யூட்டர் பக்கமே அவள் தலை வைத்துப் படுத்ததில்லை. ஆனால் அந்தக் கடையில் அவள் தலையாட்டாமல் ஒரு பொத்தான்கூட மாறாது.

சதவீதம் அம்மாவின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "அம்மா, பெரிய இடத்து ஆள் ஒருத்தர் நம்மைக் காட்டி, 'இவங்க கைராசிக்காரங்க'ன்னு சொன்னா நமக்கு மதிப்புதானே? வெப்சைட்டுக்கும் அப்படித்தான். ஒரு வெப்சைட் இன்னொண்ணைப் பார்த்துக் கை காட்டுறதுக்குப் பேருதான் லிங்க். பெரிய வெப்சைட் நம்மளைக் கை காட்டினா, தேடுபொறி நம்மளைத் தூக்கி முதல் வரிசையில வைக்கும். யார் எவ்வளவு பெரிய ஆள்னு ஒரு கம்பெனி அளந்து மதிப்பெண் போடுது. அவருக்கு எழுபத்திரண்டு."

"நமக்கு?"

"பத்தொன்பது."

"பரவாயில்லையே. நீ கணக்குல வாங்கினதைவிட ஒண்ணு கூட."

இஸ்திரி மேசை குலுங்கிச் சிரித்தது. மாமியார் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனாள். "பதிலுக்கு நாம என்ன தரணும்?"

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. அண்ணி எழுதின எல்லாப் பக்கத்துலயும் அடியில அவருக்கு ஒரு லிங்க். அது எங்க போகணும்னு அவர் சொல்வார். ஒரு வருஷத்துக்கு."

மேசைவிரிப்பு கீழே இறங்கியது. "எல்லாப் பக்கத்துலயுமா?" என்றாள் கறையக்கா.

"அவர் எழுபத்திரண்டு அண்ணி. நாம பத்தொன்பது. நாமதான் கொஞ்சம் குனியணும்."

"குனியறது இருக்கட்டும். நாம வெளுத்துக் கொடுக்கற ஒவ்வொரு சட்டைக் காலர்லயும் ஊர் பேர் தெரியாத ஒருத்தன் பேரை எழுதி அனுப்பச் சொல்றே. நாளைக்கு அவன் யோக்கியன் இல்லைன்னு தெரிஞ்சா, தேடுபொறி நம்மளையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துடும். தூக்கி வைக்கிற அதே கைதான் தூக்கி எறியவும் செய்யும். அப்புறம் கறையக்கான்னு ஒருத்தி இருந்தாளான்னு கேட்பாங்க."

"கறைன்னு தேடினா, அஞ்சு வருஷமா எட்டாவது இடத்துல நிக்கிறோம். மேல போக வழி வந்தா, வேண்டாம்னு சொல்றீங்க. நான் கொண்டு வந்ததுங்கறதால எண்பது சதவீதம் பிடிக்கலை, அவ்வளவுதானே?"

"மிச்சம் இருபது என்ன?"

"நான் சொல்ற விதம்."

மாமியார் நம்பர் சீட்டைக் கீழே வைத்தாள். ஒரு அடுப்பை இரண்டு பேர் ஊதினால் சாம்பல்தான் பறக்கும் என்பது அவள் கட்சி. "அவர் எப்ப வர்றாரு?"

"வெள்ளிக்கிழமை, நேர்லயே வர்றார்ம்மா."

"சரி. மருமகளே, அந்த ஆள் சரியில்லைன்னு அதுக்குள்ள நீ காட்டிட்டா விட்டுடலாம். காட்ட முடியலைன்னா அவரோட கை குலுக்கிட்டு, வெப்சைட் சாவியைச் சின்னவன் கையில கொடுத்துடு. அப்புறம் அவன் பாடு."

சாவி என்று அவள் சொன்னது பாஸ்வேர்டை. நூற்றெண்பது பக்கத்தில் ஒரு பக்கம்கூடக் கறையக்கா துணியில் செய்து பார்க்காமல் எழுதியதில்லை. துரு பக்கத்துக்காகத் தன் புதுத் துப்பட்டாவையே பலி கொடுத்தவள் அவள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். மறுநாள் காலையிலேயே அவள் அதை மெய்ப்பித்துக் காட்டினாள். கொழுந்தன் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தாள். பச்சை வட்டம், நடுவில் எழுபத்திரண்டு. படத்தில் நம்பரை மாற்றுவது பெரிய வித்தையா என்ன? கடை நடுவே நின்று அறிவித்தாள்: "இது ஒட்டு வேலை. ரெண்டு நிமிஷத்துல நானே இதுல தொண்ணூத்தொன்பது போட்டுக் காட்டுவேன்."

சதவீதம் லேப்டாப்பைத் திறந்தான். மதிப்பெண் போடும் கம்பெனியின் பக்கத்துக்கே போனான். எல்லோர் கண் முன்னாலும் அந்தத் தளத்தின் பெயரை அடித்தான். வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. பச்சையாக நின்றது. எழுபத்திரண்டு.

"ஒட்டு வேலையா அண்ணி? கம்பெனியே ஒட்டிக் கொடுத்திருக்கு பாருங்க. மன்னிப்பெல்லாம் நூறு சதவீதம் வேண்டாம். ஐம்பது போதும்."

"விடு தம்பி, அண்ணி கறையைத்தான் பார்ப்பாங்க, நம்பரையா பார்ப்பாங்க" என்று இஸ்திரிக்காரர் சமாதானம் பேசினார். அது கேலியைவிட மோசமாக இருந்தது. மாமியார் ஒரு கோட்டின் பொத்தான் துளையில் சீட்டைக் குத்தினாள், கொஞ்சம் அழுத்தமாக.

கறையக்கா உலர்த்தும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெந்நீர்க் குழாய்களின் நடுவே தொங்கிய ஹோட்டல் போர்வைகள் அவள் முகத்தை மறைத்தது அன்றைக்கு வசதியாக இருந்தது.

போன் கிணுகிணுத்தது. யாரோ ஒரு வாசகி, மஞ்சளாகக் கறை பட்ட சட்டையின் படத்தை அனுப்பி, 'அக்கா, இது என்ன கறை?' என்று கேட்டிருந்தாள். கறையக்காவின் கட்டைவிரல் வழக்கம்போலத் தானாகவே அடித்தது: 'மேல்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. துணியைத் திருப்பி, உள்பக்கத்தைப் படம் எடுத்து...'

கட்டைவிரல் அங்கேயே நின்றது.

அவளுடைய தளத்தின் முதல் பக்கத்தில், முதல் வரியாக இருப்பது அதுதான். மேல்பக்கம் பரவியிருக்கும், எதிலிருந்து வந்தது என்று உள்பக்கம்தான் சொல்லும். ஊருக்கெல்லாம் அந்த உபதேசம் செய்துவிட்டு, அவள் இவ்வளவு நேரமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? பச்சை வட்டத்தை. மேல்பக்கத்தை. நம்பர் பொய்யா என்று கேட்டாளே தவிர, அந்த நம்பர் எதிலிருந்து வந்தது என்று கேட்கவேயில்லை.

வாசகிக்குப் பதிலை முடித்து அனுப்பிவிட்டு, லேப்டாப்பை எடுத்து மடித்த போர்வைக் குவியலின் மேல் வைத்தாள். திருப்பிப் போட ஆரம்பித்தாள்.

இந்த எழுபத்திரண்டுக்குக் கை காட்டியவர்கள் யார் யார்? காசு கட்டாதவர்களுக்கு அந்தக் கம்பெனி முதல் பத்துப் பேரை மட்டும் காட்டியது. முதல் பெயரைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. தேடுபொறி! உலகமே தேடுகிற அந்தத் தேடுபொறியே இந்தத் தளத்தைக் கை காட்டியிருக்கிறதாம். அடுத்தது ஒரு பெரிய வரைபடத் தளம். அதற்கடுத்தது ஒரு பல்கலைக்கழக நூலகம்.

'தேடுபொறி எப்போ கட்டுரை எழுத ஆரம்பிச்சுது?' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அது யாரையும் சிபாரிசு செய்வதில்லை. அதன் தொழிலே அது இல்லை. லிங்கைத் தட்டினாள். முகவரியின் தலை தேடுபொறியின் பெயர்தான். ஆனால் பக்கம் எதுவும் திறக்கவில்லை. திரை கண்ணிமைத்தது, அடுத்த நொடியில் அந்த எழுபத்திரண்டுத் தளத்தின் முகப்பில் போய் நின்றாள். நூலகத்தைத் தட்டினாள். அதே கண்ணிமைப்பு, அதே முகப்பு. வரைபடம்? அதேதான். எந்த இடத்திலும் ஒரு வரி இல்லை, ஒரு சொல் இல்லை, சிபாரிசு இல்லை.

கதவு திறந்தது. அவள் கணவன் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தான். பாய்லரோடு பேசும் அளவுக்கு மனிதர்களோடு பேசாதவன். ஒரு கோப்பையை நீட்டி, "கிடைச்சுதா?" என்றான்.

"கிடைச்சிடுச்சுங்க! ஒருத்தன் பெரிய மனுஷர் வீட்டு வாசல்ல போய் நிக்கிறான்னு வெச்சுக்கோங்க. காவல்காரர், 'உன் வீடு அந்தப் பக்கம், போ'ன்னு திருப்பி அனுப்பறார். பெரிய வெப்சைட் எல்லாத்துலயும் அப்படி ஒரு வாசல் உண்டு. எந்த முகவரியைச் சொல்லிக்கிட்டு வந்தாலும் அங்க திருப்பி அனுப்பிடும். இவன் அதையே ஆயிரம் தடவை பண்ணி, அந்த முகவரிகளைக் கண்ட கண்ட இடத்துல தூவி வெச்சிருக்கான். அளக்கற கம்பெனி உள்ள போய்ப் பார்க்கலை. 'பெரிய வீட்டுலேர்ந்து இவன் வீட்டுக்கு வழி இருக்கு, அப்ப சொந்தக்காரன்தான்'னு எழுதிக்கிச்சு."

அவன் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினான். "விரட்டி விட்டதை விருந்து வெச்சதுன்னு சொல்லியிருக்கான்."

"அதேதான்!"

"அப்ப நம்பர் நிஜம்."

"நம்பர் நிஜம். ஆள்தான் பொய்."

அவன் தன் கோப்பையைக் காலி செய்தான். போகும்போது, காய்ந்துவிட்ட போர்வைகளை அவனே மடித்து எடுத்துக்கொண்டு போனான். அவளை யாரும் கூப்பிடாமல் இருக்கட்டும் என்று.

அவள் மேலும் திருப்பினாள். அந்தத் தளத்தின் மதிப்பெண் கோடு நெடுநாள் தரையோடு தரையாகக் கிடந்துவிட்டு, ஒரே மாதத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது. தேடி வந்து படிப்பவர்களின் கோடு? தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுபத்திரண்டு மதிப்பெண் உள்ள பெரிய மனுஷர் வீட்டுக்கு ஒரு விருந்தாளிகூட வருவதில்லை! என்ன சொற்களைத் தேடினால் அந்தத் தளம் வருகிறது என்று பார்த்தாள். பாதி தப்பும் தவறுமான தொலைபேசி எண்கள். மீதி எழுத்துப் பிசகிய யாருடைய பெயரோ. துணி என்று ஒரு சொல் இல்லை.

கட்டுரைகளையும் விடவில்லை. 'வீடும் துணியும்' என்று தலைப்பு. உள்ளே போனால் சோபா துடைப்பது பற்றிய கட்டுரையின் நடுவில் சூதாட்டத் தளத்துக்கு லிங்க். திரைச்சீலை பற்றிய கட்டுரையில் வழுக்கைத் தலைக்கு மருந்து. இந்தக் கூட்டத்தின் வாலில்தான் அவளுடைய நூற்றெண்பது பக்கங்களைக் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

கறைகள் பகுதியைத் திறந்தாள். ஒரு கட்டுரையைப் படித்தாள். மறுபடி படித்தாள். அப்புறம், இரண்டு நாளாக மறந்துபோயிருந்த ஒரு காரியத்தைச் செய்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர் சாம்பல் நிறக் கோட்டும், பால் போல வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தார். கோட்டுக்காரருக்குப் பேச்சுதான் மூலதனம். அதை அவர் தாராளமாகவே செலவழித்தார். "அம்மா, கடைக்குள்ள வந்ததுமே ஒரு சுத்தமான வாசனை! உங்களை மாதிரி உழைக்கிறவங்களை உலகத்துக்குக் காட்டணும்னுதான் நாங்க இருக்கோம்."

"உக்காருங்க. டீ சாப்பிடுங்க" என்றாள் மாமியார். புகழ்ச்சிக்கும் அவள் ஒரு சீட்டுக் குத்தி ஓரமாக வைத்துவிடுவாள்.

கறையக்கா எதிரே உட்கார்ந்தாள். குரலில் தேன். "உங்க மதிப்பெண்ணைப் பார்த்தேன் சார். நிஜமாவே எழுபத்திரண்டு. முதல்ல நான் சந்தேகப்பட்டுட்டேன், தப்புதான்."

சதவீதம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அண்ணி இறங்கி வருவது அவனுக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

"தம்பி, அந்தக் கம்பெனியில காசு கட்டிச் சேர்ந்திருக்கறது நீ ஒருத்தன்தான். எங்களுக்கெல்லாம் பத்துப் பேரைத்தான் காட்டும். சாரைக் கை காட்டினவங்க முழுப் பட்டியலையும் திறந்து வாசியேன். அத்தையும் கேக்கட்டும்."

அவன் உற்சாகமாகத் திறந்தான். பந்தியில் பெரிய மனிதர்களை வரவேற்பவன் போல ஒவ்வொரு பெயராக வாசித்தான். தேடுபொறி. நூலகம். வரைபடம். செய்தித்தளம். கோட்டுக்காரர் அடக்கமாகத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

"அடேயப்பா! முதல் பேரைத் தட்டு தம்பி. நம்ம சாரைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு பார்ப்போம்."

அவன் தட்டினான். திரை கண்ணிமைத்தது. சாருடைய முகப்பு வந்து நின்றது.

"ஏதோ தப்பாத் தட்டிட்டேன்" என்று மறுபடி தட்டினான். மறுபடியும் முகப்பு.

"அடுத்தது?"

முகப்பு.

"அதுக்கு அடுத்தது?"

இஸ்திரி மேசையில் ஆவி நின்றது. சதவீதம் இப்போது யாரும் சொல்லாமலே தட்டிக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. காதுகள் சிவந்துகொண்டிருந்தன.

"அது வந்து மேடம், கொஞ்சம் டெக்னிக்கல்..." என்று கோட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"இருங்க சார், எண்ணிக்கிட்டிருக்கேன்!" என்று அதட்டினான் சதவீதம். கடையே திரும்பிப் பார்த்தது. கடைசியில் அவன் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான். பிறந்ததிலிருந்து அவன் எந்தச் சதவீதத்தையும் அவ்வளவு மெதுவாகச் சொன்னதில்லை. "முதல் நூறுல தொண்ணூத்தாறு சதவீதம். பக்கமே இல்லை அண்ணி. யாரும் கை காட்டவே இல்லை. வாசல்லேர்ந்து திருப்பி அனுப்பியிருக்காங்க."

"மிச்சம் நாலு?"

"சூதாட்டம்."

கோட்டுக்காரர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். ஆனால் அனுபவசாலி, ஒரு கால் வழுக்கினால் இன்னொரு காலை ஊன்றத் தெரிந்தவர். பையிலிருந்து வழவழப்பான காகிதம் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு கோடு வானத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. "மதிப்பெண்ணை விடுங்க மேடம். படிக்கிறவங்க எத்தனை பேர் வர்றாங்கன்னு பாருங்க."

"படம் வேண்டாம் சார். படத்துல நானே ஒரு தடவை ஏமாந்துட்டேன்." கறையக்கா தன் லேப்டாப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். "தேடுபொறி ஒவ்வொரு தளத்துக்கும் சொந்தக்காரங்களுக்கு மட்டும் ஒரு பக்கம் தருது. யார் எதைத் தேடி வந்தாங்கன்னு உள்ளது உள்ளபடி அதுல இருக்கும். இது எங்களோடது. நல்லாப் பாருங்க, மறைக்க ஒண்ணுமில்லை. நீங்களும் உங்களோடதை இங்கேயே, எங்க முன்னாடி திறங்க."

"அது... கம்பெனி ரகசியம் மேடம்."

"ரகசியமா?" என்றாள் மாமியார். "எங்ககிட்ட துணி போடறவங்க சட்டைப் பையையே நம்பிக் கொடுத்துட்டுப் போறாங்க. காதல் கடிதம் முதல் கடை பில் வரைக்கும் எடுத்து பத்திரமா திருப்பிக் கொடுக்கறோம். உங்க ரகசியம் எந்த மூலைக்கு?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவர் செய்த தவறு அதுதான். கம்ப்யூட்டர் தெரியாத அம்மாவைக் கரைத்துவிடலாம் என்று நினைத்தார். "அம்மா, இவங்க சொல்றதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நான் எளிமையாச் சொல்றேன். எங்க தளத்துல துணி சம்பந்தமா எழுதறவரே பெரிய நிபுணர். முப்பது வருஷ அனுபவம்."

"அப்படியா?" மாமியாரின் கண்கள் முதல் முறையாக ஒளிர்ந்தன. துணி என்றால் அவளுக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. "டேய், அவர் எழுதினதை ஒண்ணு வாசி."

"எதை வாசிக்க?"

"ரத்தக் கறை" என்றாள் கறையக்கா, ஜன்னலைப் பார்த்தபடி.

சதவீதம் தேடி எடுத்து வாசித்தான். "'இரத்தக் கறை பட்ட துணியை உடனடியாகக் கொதிக்கும் நீரில் போட்டு, அரை மணி நேரம் ஊற...'"

அவனே நிறுத்திவிட்டான். சலவைக் கடையில் பிறந்த பிள்ளை அல்லவா!

இஸ்திரிக்காரர், "ஐயையோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். பாய்லர் அறை வாசலில், எப்போது வந்தான் என்றே தெரியாமல் நின்றிருந்த அவள் கணவன், "கொதிக்கிற தண்ணியா?" என்றான். அந்த வாரத்தில் எல்லோர் முன்னாலும் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

மாமியார் எழுந்து நின்றாள். "ரத்தம் பட்ட துணியைக் கொதிக்கிற தண்ணியில போட்டா அது வெந்து நூலோட நூலா ஒட்டிக்கும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் போகாது. பச்சைத் தண்ணின்னு பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷமா உங்க நிபுணர் எத்தனை பேர் துணியை வேக வெச்சாரு? இதுக்கா என் மருமக எழுதின ஒவ்வொரு பக்கத்துலயும் கை காட்டணும்? அவ சொன்னா துணி பிழைக்கும்னு நம்பி வர்றவங்களை, இங்க போய் வேக வெச்சுக்கோங்கன்னு அனுப்பணுமா?"

மதிப்பெண்ணும் கோடும் தொடாத இடத்தை அந்த ஒரு கொதிநீர் தொட்டுவிட்டது.

கோட்டுக்காரர் அவசரமாக எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கை கோப்பையில் இடித்தது. தேநீர் முழுவதும் அந்தப் பால் வெள்ளைச் சட்டையில் வரைபடம் போட்டது. அவர் கைக்குட்டையை எடுத்துப் பரபரவென்று தேய்க்கப் போனார்.

"தேய்க்காதீங்க!" கடையிலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

தொழில் வேறு, சண்டை வேறு. கறையக்கா அதற்குள் ஈரத் துணியோடு வந்துவிட்டாள். "ஒத்தி எடுக்கணும் சார். தேய்ச்சா பரவும். கழட்டிக் கொடுங்க." இஸ்திரிக்காரரின் மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்புள் தெரிந்தும் தெரியாமலும், அந்த எழுபத்திரண்டு மதிப்பெண் மனிதர் ஸ்டூலில் காத்திருந்தார். அவருடைய சட்டைக்கு மாமியாரே சீட்டுக் குத்தினாள். வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்தபோது, கறை இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை.

"எவ்வளவு ஆச்சு?" என்றார், நிலத்தைப் பார்த்து.

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மாமியார். "எங்ககிட்ட லிங்க் கேட்டீங்களே, வெறுங்கையோட அனுப்பலாமா? நாங்களும் உங்களுக்கு ஒரு கை காட்டறோம்." நம்பர் சீட்டு பிடித்த கையை நீட்டி, நிதானமாகக் காட்டினாள். "வாசல் அந்தப் பக்கம்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடங்கியதும் சதவீதம் அண்ணியின் முன்னால் வந்து நின்றான். "அண்ணி..."

"எத்தனை சதவீதம்?"

"நூறு."

"அப்ப சரி." அவள் லேப்டாப்பை மூடினாள். "தம்பி, நல்ல தளம் கிடைச்சாப் பேச நானும் தயார்தான். ஆனா இனி யார் லிங்க் கேட்டு வந்தாலும் முதல்ல உன்கிட்டதான் அனுப்புவேன். என்னைவிட வேகமா எண்ணுறே."

"சாவி?" என்று மாமியாரைப் பார்த்துக் கேட்டார் இஸ்திரிக்காரர், யாருக்கும் கேட்கத் துணிவில்லாத கேள்வியை.

"எந்தச் சாவி?" என்றாள் மாமியார். "அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. பேச்சைக் குறைச்சுட்டுக் காலரைக் கவனி."

அந்த வாரமே கறையக்கா நூற்றெண்பத்தோராவது பக்கத்தை எழுதினாள். 'மதிப்பெண்ணில் படிந்த கறை: லிங்க் மாற்றும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.' கை காட்டியவர்களின் பக்கத்தைத் திறந்து பாருங்கள், மதிப்பெண் ஏறியபோது விருந்தாளிகளும் ஏறினார்களா என்று பாருங்கள், எந்தச் சொல்லுக்கு வருகிறார்கள் என்று பாருங்கள், சொந்தக்காரர் பக்கத்தைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், கடைசியாக ஒரு கட்டுரையை உட்கார்ந்து படித்துத் தொலையுங்கள் என்று எழுதினாள். கோட்டுக்காரரின் பெயரைச் சொல்லவில்லை. சட்டையைப் பற்றி மட்டும் ஒரு வரி சேர்த்தாள்.

அந்தப் பக்கம் அவள் எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் போயிற்று. செருப்புத் தைப்பவர் ஒருவர், அதே ஆளுக்குத் தலையாட்ட இருந்தவர், தன் தளத்தில் அதை எடுத்துச் சொன்னார். ஒரு தையல் ஆசிரியை தன் மாணவிகளுக்குக் காட்டினாள். சின்னச் சின்னக் கடைக்காரர்கள், மதிப்பெண் பத்தும் பன்னிரண்டுமாக இருந்தவர்கள், யாரும் கேட்காமலே ஒவ்வொருவராகக் கறையக்காவைக் கை காட்டினார்கள். திருப்பி அனுப்புகிற வாசல் எதுவும் நடுவில் இல்லை; தட்டினால் ஒரு பக்கம் திறந்தது, அதில் ஒரு மனிதர் எழுதிய ஒரு வரி இருந்தது. வந்தவர்கள் அப்படியே மை, மெழுகு, ரத்தம் என்று மற்றப் பக்கங்களையும் படித்தார்கள்.

ஒரு காலை, கறையக்கா ஒரு கம்பளிக் கோட்டைத் திருப்பிப் போட்டு அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் காலடி தடதடத்தது.

"ஒண்ணு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான் சதவீதம். "ரத்தக் கறைன்னு தேடினா, ஒண்ணு! முதல் இடம்! அண்ணி, நாமதான்!"

இஸ்திரிக்காரர் தலை நிமிரவில்லை. "ஒண்ணாம் நம்பரா? அது இன்னும் காயலை தம்பி" என்றார்.